முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு வெளிச்சம்

எங்கள் ஆபீஸில் யார் மலையேறக் கிளம்பினாலும், யார் வீட்டில் கரண்ட் அடிக்கடி போனாலும், கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்பார்கள். "அண்ணா, தலையில மாட்டுற லைட் ஒண்ணு வாங்கணும். எத்தனை லூமன்ல வாங்கட்டும்?" டார்ச் லைட் மீது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பைத்தியம் உண்டு, அது அவர்களுக்குத் தெரியும். நானும் சளைக்காமல் சொல்லிக்கொண்டிருந்தேன்: 500க்குக் குறைந்து வாங்காதே, 1000 கிடைத்தால் விடாதே. அந்தப் பதிலைச் சொல்வதை நிறுத்தி இரண்டு வருஷமாகிறது. இப்போது யாராவது கேட்டால், "எங்கே போட்டுக்கொண்டு போகப் போகிறாய்?" என்று திருப்பிக் கேட்கிறேன். "இருட்டுலதான்ணா" என்கிறார்கள். சேலத்தில் மொட்டை மாடி இருட்டு வேறு, பூந்தோட்டத்து விடியற்கால இருட்டு வேறு, சேர்வராயன் மலையில் மேகம் இறங்கிய பிறகு வரும் இருட்டு வேறு. கடைசியில் சொன்னதில் நான் ஒரு பதினைந்து நிமிஷம் நடந்தேன். அதைப் பற்றித்தான் ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் அந்த லூமன் கணக்கை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் மாட்டிக்கொள்வது அங்கேதான். லூமன் என்பது விளக்கிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சம். அது எந்தப் பக்கம் போகிறது, எங்கே விழுகிறது என்று அந்த எண் சொல்லாது. தொட்டியில் எத்தனை லிட்டர் தண்ணீர் என்று தெரிந்தால் போதுமா, ஓஸ் பைப்பை எந்தச் செடிப் பக்கம் திருப்பியிருக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா? அட்டையில் 200 மீட்டர் என்று போட்டிருப்பதும் அப்படித்தான். நல்ல கம்பெனிகள் பின்பற்றும் எஃப்.எல்.1 என்ற அளவுகோல் 2009ல் அமெரிக்காவில் வந்தது. அதன் கணக்குப்படி, வெளிச்சம் 0.25 லக்ஸுக்கு இறங்கும் இடம் வரைதான் தூரம். லக்ஸ் என்பது ஓர் இடத்தின் மேல் வந்து விழும் வெளிச்சத்தின் அளவு; 0.25 லக்ஸ் என்றால் கிட்டத்தட்ட பௌர்ணமி நிலா வெளிச்சம். 200 மீட்டர் தள்ளி நிற்பவர் மீது நிலா வெளிச்சம் அளவுக்கு விழும், அவ்வளவுதான். அந்தத் தூரத்தை 400 ஆக்க வேண்டுமென்றால் அதே பக்கம் நான்கு மடங்கு வெளிச்சத்தை அனுப்ப வேண்டும். "50 மணி நேரம் எரியும்" என்று இருந்தால், ஆரம்ப வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை ஓடிய நேரத்தைச் சொல்கிறார்கள். கடைசிச் சில மணி நேரத்தில் அதை வைத்துக்கொண்டு செருப்பைத் தேடலாம், வழியைத் தேட முடியாது.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கடையில் '10,000 லூமன்' என்று அச்சடித்த அட்டையோடு ஒன்று தொங்கியது. நான் வாங்கியிருக்கிறேன். உள்ளே ஒரே ஒரு 18650 செல், அதாவது 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள பேட்டரிக் கட்டை. நல்ல செல்லாக இருந்தால் 12, 13 வாட்-மணி பிடிக்கும், அதாவது 12 வாட் விளக்கை ஒரு மணி நேரம் எரிக்கலாம். ஒரு வாட்டுக்கு 100 லூமன் என்று வைத்தாலும் 10,000 லூமனுக்கு 100 வாட் வேண்டும். எட்டு நிமிஷத்தில் செல் தீர்ந்துவிடும், நெற்றியில் இஸ்திரிப் பெட்டியைக் கட்டியது போலச் சுடும். அந்தச் செல்லைத் தராசில் வைத்துப் பார்த்தபோது 30 கிராம்கூட இல்லை. நல்ல 18650 ஒன்று 45 கிராமுக்கு மேல் நிற்கும். கையில் எடுத்ததும் காலி டப்பா போல இருந்தால் வாங்காதீர்கள்.

பனமரத்துப்பட்டியில் சித்தி

என் சித்திக்கு லூமன் என்ற வார்த்தையே தெரியாது. பனமரத்துப்பட்டியில் அரளிக்காடு வைத்திருக்கிறார். அரளியை மொட்டாகவே பறித்து, வெயில் ஏறும் முன் சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்கு அனுப்பியாக வேண்டும். அதனால் கோழி கூவும் முன்பே காட்டில் இறங்கிவிடுவார்கள். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு சின்ன வெளிச்சம் மெல்ல நகர்வதைத் தார் ரோட்டிலிருந்து பார்த்தால் மின்மினி போல இருக்கும். ஆளுக்கு ஒரு லைட், நெற்றியில். இடுப்பில் மடி, இரண்டு கையும் மொட்டில்.

சித்தி தலையில் முதலில் ஈரிழைத் துண்டைச் சுற்றி, அதன் மேல்தான் லைட்டின் வாரை மாட்டுவார். வேர்வையில் வார் சீக்கிரம் தளர்ந்துவிடும் என்பதற்காக. ஒரு வருஷம் தீபாவளிக்கு நான் விலை உயர்ந்த ஹெட்லாம்ப் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டுத் துடைத்து, அட்டையோடு திருப்பிக் கொடுத்தார். "இது முன்னாடி இழுக்குது கண்ணு. குனிஞ்சா மூக்கு மேல வந்து உக்காருது. நடுவுல மட்டும் பளீர்னு அடிக்குது, சுத்தியும் ஒண்ணும் தெரியல. மொட்டு மேல பட்டுக் கண்ணைக் கூசுது." அவர் சொன்ன நாலும் சரி. அந்த லைட் 150 மீட்டருக்கு அப்பால் பார்ப்பதற்காகச் செய்தது, சித்திக்கு வேண்டியது ஒன்றரை அடி. ஒளியைக் குவித்து அனுப்பும் குழிவான ரிஃப்ளெக்டர் கைக்கெட்டும் தூரத்து வேலைக்கு எதிரி. லென்ஸ் சொரசொரப்பாக, பால் நிறத்தில் இருந்து வெளிச்சத்தைப் பரப்பினால் கண்ணுக்குச் சுகம். அவர் பழையபடி 150 ரூபாய் லைட்டுக்கே போய்விட்டார். அதன் கண்ணாடி மேல் ஒட்டிவந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளை இன்றுவரை அவர் உரிக்கவில்லை. உரிக்க மறந்துவிட்டார் என்று நினைத்தேன். கேட்டதற்கு, "அது இருந்தாத்தான் சாந்தமா விழுது" என்றார்.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பூப் பறிக்கிறவர்களுக்கு வேண்டியது வேறு, மலையில் நடக்கிறவனுக்கு வேண்டியது வேறு என்று மனதுக்குள் பிரித்து வைத்துக்கொண்டேன்.

பல்ப்பர் கொட்டகை

அக்காவைக் கொடுத்திருப்பது ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம். மாமாவுக்கு மூன்று ஏக்கர் காப்பி, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. ஏற்காட்டுக் காப்பிக்கு 200 வருஷக் கதை உண்டு, 1820ல் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்டது என்பார்கள். எனக்கு அந்தத் தோட்டம் என்றால் டிசம்பர் மாதம்தான். பழம் எடுக்க ஆள் கிடைக்காத நாட்களில் லீவு போட்டுவிட்டு நானும் போய் நிற்பேன்.

காப்பிப் பழத்தை எடுத்த அன்றே தோல் நீக்கிவிட வேண்டும், வைத்தால் புளித்துவிடும். 2023 டிசம்பரில் ஒரு நாள் பழம் வந்து சேரவே ஆறு மணியாகிவிட்டது. கொட்டகையில் பல்ப்பரை, அதாவது தோல் நீக்கும் மெஷினை, ஓட்ட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. மோட்டாரைக் கழற்றிவிட்டு மாமா கைப்பிடியைப் போட்டுச் சுற்ற ஆரம்பித்தார். நான் ரொம்பப் பெருமையோடு பையிலிருந்து புது ஹெட்லாம்பை எடுத்து மாட்டினேன். இது நல்ல கம்பெனி, அட்டையில் போட்ட 1000 லூமன் நிஜமாகவே வரும். கொட்டகை பகல் மாதிரி ஆனது.

அக்கா தொட்டித் தண்ணீரில் பழத்தைக் கொட்டி, மிதக்கிற சொத்தையை அள்ளிவிட்டு, பச்சைக்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் அவர் பேச்சுக்குத் திரும்பிப் பார்த்த ஒவ்வொரு தடவையும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "டேய், மூஞ்சில அடிக்காதடா." நான் சட்டென்று தலையைக் குனிவேன், பேச்சு சூடு பிடித்ததும் மறந்து நிமிர்வேன். தலையில் விளக்கு இருப்பவனால் யாருடைய முகத்தையும் பார்த்துப் பேச முடியாது. நாலு பேர் சேர்ந்து செய்கிற வேலையில் இது சின்னக் குறை இல்லை. கொஞ்ச நேரத்தில் எல்லாரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்கள்.

இன்னொன்றை அக்காதான் கண்டுபிடித்தார். இரண்டு கை நிறையப் பழத்தை அள்ளி என் விளக்குக்குக் கீழே நீட்டி, "இதுல எது பழம், எது செங்காய், சொல்லு" என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. பழுத்தது, பாதி பழுத்தது எல்லாமே ஒரு செத்த பழுப்பு நிறத்தில் இருந்தது. வெள்ளை எல்.இ.டி. என்பது உள்ளுக்குள் நீல எல்.இ.டி. (அதைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2014ல் நோபல் பரிசே கொடுத்தார்கள்), அதன் மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர் நீலத்தில் ஒரு பங்கை மஞ்சளாக மாற்றுகிறது, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. மலிவான கலவையில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. விளக்கிலேயே சிவப்பு இல்லையென்றால் பழம் எதைத் திருப்பிக் காட்டும்? நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கு சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் உண்டு. வெயிலுக்கு 100, சாதாரண ஹெட்லாம்புக்கு 70 பக்கம். 90க்கு மேல் உள்ளவற்றில் அதே பேட்டரிக்கு லூமன் கொஞ்சம் குறையும், அதனாலேயே அட்டையில் எண் சின்னதாகி, விற்பனையும் குறைகிறது. அன்றைக்கு அக்கா உள்ளே போய் ஒரு சிம்னி விளக்கை ஏற்றிக்கொண்டு வந்து தொட்டி விளிம்பில் வைத்தார். பத்து லூமன்கூட இருக்காது. பழம் சிவப்பாகத் தெரிந்தது.

அந்தப் பதினைந்து நிமிஷம்

வேலை முடிய ஒன்பதாகிவிட்டது. கொட்டகையிலிருந்து வீட்டுக்கு முக்கால் கிலோமீட்டர் இருக்கும், காப்பிச் செடிகளுக்கு நடுவே இறங்கும் மண் பாதை. மாமா பல்ப்பரைக் கழுவிவிட்டு வருவதாகச் சொன்னார். தோட்டத்துக் காவலுக்கு இருக்கும் பெரியவர் என்னோடு கிளம்பினார். அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். மேலே கம்பளி, கையில் இரண்டு கட்டை போடும் பழைய தகர டார்ச். அதை ஒரு முறை உள்ளங்கையில் தட்டினால்தான் எரியும்.

நாங்கள் வெளியே வந்தபோது மேகம் இறங்கிவிட்டிருந்தது. ஏற்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1500 மீட்டரில் அது மேலே இருக்கும் மேகம் இல்லை, வாசலில் வந்து நிற்கும். நான் பெரியவருக்கு வழிகாட்டும் நினைப்பில் முன்னால் போய், ஹெட்லாம்பை முழு வெளிச்சத்துக்கு வைத்தேன்.

ஒரு வெள்ளைச் சுவர் எழுந்து நின்றது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மூக்குக்கு முன்னால் இரண்டு கை தூரத்தில் பளபளக்கும் வெள்ளை, அதற்குள் துளிகள் மேலும் கீழுமாக ஓடுகின்றன. அதற்கு அப்பால் செடியும் இல்லை, பாதையும் இல்லை. தலையைத் திருப்பினால் சுவரும் கூடவே திரும்புகிறது. வெளிச்சம் போதவில்லையோ என்று தோன்றி டர்போ பட்டனை அழுத்தினேன். சுவர் இன்னும் வெளுத்தது. அப்படியே ஏழெட்டு அடி வைத்திருப்பேன், மழைத் தண்ணீர் ஓடிப் பாதையை அறுத்த வாய்க்காலில் வலது கால் முழங்கால் வரை இறங்கியது. கணுக்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன்.

பெரியவர் பதறவில்லை. பக்கத்தில் வந்து கையைக் கொடுத்துத் தூக்கினார். அப்போதுதான் கவனித்தேன், அவருடைய மங்கின மஞ்சள் டார்ச் அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் விழுந்த வாய்க்கால் அந்த வெளிச்சத்தில் கரை, ஆழம், அடியில் கிடந்த சருகு எல்லாமாகத் தெளிவாகத் தெரிந்தது.

"தம்பி, அதைத் தலையில இருந்து கழட்டிருங்க. கையில பிடிங்க. கீழ, இப்படி."

கழற்றினேன். வாரைக் கையில் சுற்றிக்கொண்டு முழங்கால் உயரத்தில் பிடித்தேன். சுவர் போய்விட்டது. மறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், கீழே விளக்கைச் சுற்றி ஒரு வெள்ளைப் பந்தாகச் சுருண்டுகொண்டது. என் கண் அந்தப் பந்துக்கு மேலே, இருட்டில் இருந்தது. பாதை தெரிந்தது. பாதையில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு நிழல் இருந்தது.

"கொஞ்சம் கம்மி பண்ண முடியுமா பாருங்க" என்றார். முடியும், ஆனால் என் விளக்கில் குறைந்த வெளிச்சத்துக்குப் போக வேண்டுமென்றால் நடு வெளிச்சம், முழு வெளிச்சம், பிறகு கண்ணைக் குத்தும் மினுக்கல் என்று எல்லாவற்றையும் தாண்டித்தான் போக வேண்டும். மூன்று அழுத்து. மினுக்கல் வந்தபோது பெரியவர் கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். அதற்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறேன். கடைசியில் 20 லூமனுக்கு வந்தோம். அந்த 20 லூமனில் வீடு வரை நடந்தேன்.

இன்னொன்றும் நடந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் பெரியவர் நின்றார். டார்ச்சை முழங்காலிலிருந்து உயர்த்திக் காதோரம் வைத்து, இடமிருந்து வலமாக மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு மறுபடியும் முழங்காலுக்கு இறக்கிக்கொண்டு நடந்தார். பாதி வழியில் மேகம் கொஞ்சம் விலகிய இடத்தில் அவர் காதோரம் வைத்துப் பார்த்தபோது கேட்டேன். "காட்டெருமை நிக்குதான்னு பாக்கறேன். கீழ பிடிச்சா அதோட கண்ணு தெரியாது. கண்ணுக்குப் பக்கத்துல வெச்சாத்தான் கண்ணு தெரியும்."

இட்லிப் பானையும் கூழாங்கல்லும்

சேலத்துக்கு இறங்கி வந்த பிறகும் அந்த வாக்கியம் விடவில்லை. கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால்தான் கண் தெரியும். அப்படியானால் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்ததால்தான் வாய்க்கால் தெரியாமல் போனதா? கணுக்கால் வீக்கம் வடியும் வரை வீட்டில் இருந்த நாட்களில் சில சோதனைகள் செய்து பார்த்தேன். யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

சமையலறை லைட்டை அணைத்துவிட்டு, இட்லிப் பானையின் மூடியைத் திறந்த நொடியில் டார்ச்சை நெற்றியோரம் வைத்துப் பாருங்கள். ஆவி பாலாக வெளுத்து நிற்கும், தட்டில் இட்லி தெரியாது. அதே டார்ச்சைக் கையை நீட்டிப் பக்கவாட்டிலிருந்து அடித்தால் ஆவிக்குள் இட்லி தெரிகிறது. பனியும் இதுதான். காற்றில் மிதக்கும் துளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பருமன் இருக்கும். அதன் மேல் பட்ட வெளிச்சத்தில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பும். வந்த வழி நம் கண்ணுக்குப் பக்கத்திலிருந்து புறப்பட்டதாக இருந்தால் நேராகக் கண்ணுக்குள்ளேயே திரும்பும். விளக்குக்கு முன்னாலும் கண்ணுக்கு முன்னாலும் இருப்பது ஒரே காற்று, அதில் உள்ள அத்தனை துளியும் நம்மைப் பார்த்து எரிகிறது. விளக்கைத் தள்ளி வைத்தால் இரண்டு பாதையும் பிரிந்துவிடுகின்றன. கார்களில் பனி விளக்கை பம்பருக்குக் கீழே வைப்பது இதற்காகத்தான். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறித் தழும்பேறிய டிரைவர்கள் பனிக்குள் ஹை பீம் போடவே மாட்டார்கள்.

மஞ்சள் லைட் பனியைக் கிழித்துக்கொண்டு போகும் என்று நானும் நம்பியிருந்தேன். பெரியவரின் டார்ச் மஞ்சளாக இருந்ததால் அதுதான் காரணம் என்றுகூட முதலில் நினைத்தேன். ஆனால் அந்தத் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. நீலம், மஞ்சள், சிவப்பு எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். பனி வெள்ளையாக இருப்பதே அதற்குச் சாட்சி. என் வெள்ளை விளக்கும் கீழே பிடித்தபோது வேலை செய்ததே.

அப்புறம் மொட்டை மாடியில் கூழாங்கற்களை இறைத்துவிட்டு நடந்து பார்த்தேன். நெற்றியில் விளக்கு இருந்தால் கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது, நம் கண்ணுக்கு அகப்படாது. தரை முழுக்கத் தட்டையாக, போட்டோ போல இருக்கிறது. முழங்கால் உயரத்தில் பிடித்தால் கல் ஒவ்வொன்றும் நீளமாக நிழலை இழுத்துக்கொண்டு எழுந்து நிற்கிறது. மேடு பள்ளத்தை நமக்குச் சொல்வது நிழல். தலையில் கட்டிய விளக்கு அந்த நிழலை எடுத்துவிடுகிறது. 1000 லூமனோ 100 லூமனோ, இதில் வித்தியாசம் இல்லை.

ஆனால் மாட்டின் கண் வேறு கதை. மாடு, காட்டெருமை, நாய், பூனை எல்லாவற்றுக்கும் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போல ஒரு படலம் உண்டு. பட்ட ஒளியை அது வந்த திசைக்கே திருப்பும். அதனால் விளக்குக்குப் பக்கத்தில் கண்ணை வைத்திருப்பவனுக்கு மட்டும்தான் அந்த இரண்டு புள்ளிகள் எரியும். அடுத்த முறை தோட்டத்துக்குப் போனபோது, பனி இல்லாத ராத்திரியில் ஹெட்லாம்பை நெற்றியில் வைத்துக் கொட்டகைப் புல்லைப் பார்த்தேன். புல்லில் பனித்துளி போல நீலப் பச்சையாக நூறு பொட்டுகள். கிட்டே போனால் ஒவ்வொன்றும் ஒரு சிலந்தி. விளக்கைக் கையில் எடுத்து அரை அடி தள்ளினேன், அத்தனையும் அணைந்தது. மறுபடி நெற்றிக்குக் கொண்டு வந்தேன், அத்தனையும் எரிந்தது. இதைச் செய்துகொண்டே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அக்கா கூப்பிட்ட பிறகுதான் போனேன்.

பாம்புக்கு அந்தப் படலம் கிடையாது. விரியனின் கண் மினுங்கும் என்று காத்திருந்தால் மிதித்துவிடுவோம். அதற்கு நிழல்தான் வேண்டும், அதாவது முழங்கால் உயரம். பெரியவரின் கை காதுக்கும் முழங்காலுக்கும் ஏறி இறங்கியதில் இது இரண்டுமே இருந்தது. அறுபது வருஷம் அந்தப் பாதையில் நடந்தவருக்கு எந்த ஆபத்துக்கு விளக்கு எங்கே இருக்க வேண்டும் என்பது கையிலேயே இருந்தது.

இப்போது நான் பார்ப்பது

அதனால் இன்றைக்கு நான் ஒரு ஹெட்லாம்பை எடுத்தால் முதலில் பார்ப்பது அது தலையிலிருந்து எவ்வளவு சுலபமாகக் கழன்று வருகிறது என்பதைத்தான். வாரிலிருந்து விளக்கை மட்டும் ஒரு கையால் உருவ முடிய வேண்டும். ஆங்கில எல் எழுத்து போல, முகம் பக்கவாட்டில் திரும்பிய சின்ன உருளை வடிவத்தில் வருகிறது பாருங்கள், அது அருமையானது: வாரில் செருகினால் தலைக்கு, உருவினால் கைக்கு, கிளிப் இருந்தால் பெல்ட்டுக்கு. வாரோடு நிரந்தரமாகப் பிணைத்தது எவ்வளவு நல்லதானாலும் எனக்கு வேண்டாம்.

அடுத்தது, அதன் மிகக் குறைந்த வெளிச்சம். அட்டையில் அதைச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், தேடிப் படியுங்கள். ஒரு லூமன் அல்லது அதற்கும் கீழே இருந்தால் வாங்கலாம். இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும், ஒரே ஒரு பளிச்சில் அது போய்விடும், மறுபடி முதலிலிருந்து. ராத்திரியில் எழுந்து தண்ணீர் குடிக்கவோ, தூங்குகிறவர்களைத் தாண்டிப் போகவோ ஒரு லூமனே தாராளம். அணைந்திருக்கும் விளக்கில் பட்டனை நீள அழுத்தினால் நேராக அந்தக் குறைந்த வெளிச்சத்தில் எரியும்படி சிலவற்றில் வைத்திருக்கிறார்கள். அதைச் செய்தவர்கள் இருட்டில் நடந்தவர்கள். மினுக்கலைப் பொது வரிசையில் வைத்திருந்தால் நான் திரும்ப வைத்துவிடுகிறேன்.

வெளிச்சத்தின் நிறம் 4000 கெல்வின் பக்கம், அதாவது ரொம்ப மஞ்சளும் இல்லாமல் ரொம்ப நீலமும் இல்லாமல் நடுவில்; முடிந்தால் சி.ஆர்.ஐ. 90. கனம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது, சித்தி சொன்னதுதான். தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஐ.பி.எக்ஸ். என்று ஒரு குறி போட்டிருப்பார்கள்: மழைக்கு ஐ.பி.எக்ஸ்.4 போதும், ஓடையில் விழுந்தாலும் பிழைக்க வேண்டுமென்றால் ஐ.பி.எக்ஸ்.7.

பேட்டரி விஷயத்தில் எனக்கு முன்பு ஓர் உறுதியான அபிப்பிராயம் இருந்தது: சார்ஜ் செய்கிற 18650தான், வேறு பேச்சே இல்லை. 2024 டிசம்பர் ஆரம்பத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றபோது, அக்கா வீட்டில் கரண்ட் இல்லை. நான் கொடுத்து வைத்திருந்த ஹெட்லாம்ப் இரண்டாவது ராத்திரியே படுத்துவிட்டது. பக்கத்துப் பெட்டிக் கடையில் சின்ன பென்சில் கட்டை இருந்தது. 18650க்கு எங்கே போவது? பெரியவரின் டார்ச் அந்த வாரம் முழுக்க எரிந்தது. இரண்டு வகையும் ஏற்கும் விளக்குகள் இருக்கின்றன, மலைக்கு அதுதான் சரி. ஆனால் சாதாரணக் கட்டையைப் போட்டே மாதக்கணக்கில் வைத்துவிடக் கூடாது. கசிந்து, உள்ளே பித்தளையில் பச்சை படிந்துவிடும். கழற்றி ஒரு துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள்.

போன பொங்கலுக்குப் போனபோது பெரியவருக்கு அப்படி ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். சின்ன உருளை, பக்கவாட்டு முகம், பென்சில் கட்டையும் ஏற்கும். எப்படி வாரில் செருகுவது, எப்படி உருவுவது என்று காட்டினேன். இரண்டு முறை செருகி உருவிப் பார்த்தார். உள்ளங்கையை நீட்டி அதன் மேல் அடித்து, ரேகை தெரிகிறதா என்று பார்த்தார். பிறகு பட்டனை நீள அழுத்தி, அந்த ஒரு லூமனை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இது போதுமே" என்றார்.

அன்று சாயங்காலம் கொட்டகைக்குப் போனபோது அவர் சம்சாரம் துண்டின் மேல் அந்த வாரைக் கட்டி, நெற்றியில் விளக்கோடு மிளகு பிரித்துக்கொண்டிருந்தார். எட்டு மணிக்குப் பெரியவர் காவலுக்குக் கிளம்பினார். அந்த அம்மா நெற்றியிலிருந்து விளக்கை மட்டும் உருவிக் கொடுத்தார். வாரைக் கழற்றிக் கொட்டகை ஆணியில் மாட்டினார். நான் வாசலில் நின்று பார்த்தேன். முழங்கால் உயரத்தில் ஒரு சின்ன வெளிச்சம் காப்பிச் செடிகளுக்குள் இறங்கிப் போனது. முதல் திருப்பத்தில் நின்றது, மேலே ஏறியது, இடமிருந்து வலமாக ஒரு சுற்றுச் சுற்றியது, மறுபடி கீழே இறங்கியது.